கிரிந்தைக் கடலில் ஒரு வெளிச்சவீடு

திஸ்ஸமஹாராமைக்குச் சுற்றுலா போன வருஷம், மஃரிபுக்குப் பிறகு கிரிந்தைப் பாறையில் பிள்ளைகளோடு நின்றிருந்தேன். தூரக் கடலில் ஒரு வெளிச்சம் வருவதும் மறைவதுமாக இருந்தது. பத்தாம் ஆண்டுப் பிள்ளை ஒன்று கேட்டது: "சேர், அந்த லைட்டுக்கு ஆரு சல்லி கட்டுற?" மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வெளிச்சவீட்டின் வரலாறே அந்தக் கேள்விக்குள்தான் கிடக்கிறது.

அது கிரேட் பாசஸ். பாறைத்திட்டுக்குப் போர்த்துக்கேயர் சொன்ன 'பைஷோஸ்' ஆங்கிலேயர் வாயில் 'பாசஸ்' ஆனது. சிங்களத்தில் மகா ராவணா கோட்டை. காலியில் இருந்து சென்னை, கல்கத்தா போகும் கப்பல்கள் இந்தப் பாறைகளை ஒட்டித்தான் திரும்ப வேண்டும். தண்ணீருக்கு மேலே தெரிவது கொஞ்சம். கப்பலைக் கிழிப்பது கீழே கிடப்பது.

அங்கே முதலில் வெளிச்சம் வைக்கப் பார்த்தது இலங்கை அரசாங்கம். அலெக்சாண்டர் கோர்டன் என்ற பொறியியலாளர் வார்ப்பிரும்புக் கோபுரம் ஒன்றைத் திட்டமிட்டார். 40,000 பவுண் கரைந்தது, கோபுரம் எழும்பவில்லை. பிறகு இங்கிலாந்தின் ட்ரினிட்டி ஹவுஸ் இறங்கியது. ஜேம்ஸ் டக்ளஸ் வரைந்தார், அவரது சகோதரர் வில்லியம் கட்டினார். ஸ்கொட்லாந்தில் செதுக்கிய கருங்கற்கள் கப்பலேறி வந்தன. கடல் அடங்கும் சில மாதங்களில்தான் பாறையில் கால் வைக்கலாம். சோழகம் எழும்பினால் வேலை நின்றுவிடும். 1873 மார்ச் 10இல் விளக்கு எரிந்தது. லிட்டில் பாசஸில் 1878இல்.

சல்லி? 1855இன் கப்பற்சட்டம் ஒரு வழி திறந்திருந்தது. குடியேற்ற நாட்டுக் கடலில் லண்டன் வர்த்தகச் சபை வெளிச்சவீடு கட்டலாம். அதனால் பயன்பெறும் கப்பல்களிடம் துறைமுகத்தில் விளக்குவரி அறவிடலாம். எரியும் விளக்குகளைப் பார்த்துக்கொண்டது இம்பீரியல் லைட்ஹவுஸ் சேர்விஸ். 1885இல் கட்டிய மினிக்கோய் வெளிச்சவீடும் இலங்கையிலிருந்து நடத்தப்பட்டதுதான். மினிக்கோய் முழுக்க முஸ்லிம்கள் வாழும் தீவு; அத்தீவின் ஆண்கள் தலைமுறையாகக் கப்பல் வேலைக்குப் போனவர்கள்.

இங்கே எனக்கொரு மனக்குறை. நீராவிக் கப்பலும் சுயஸ் கால்வாயும் வந்த காலத்தில்தான் இந்தக் கடலுக்குக் காவல் வந்தது. அதற்கு முன்னர் நூற்றாண்டுக் கணக்கில் மரக்கலம் ஓட்டியவர்களுக்கு எந்த அரசு விளக்கு வைத்தது? நாமும் கடல் வணிகத்தின் பெருமையைத்தான் எழுதுகிறோம். மூழ்கியவற்றைப் பற்றி எழுதுவதில்லை.

மூழ்கிய ஒன்றுக்குச் சாட்சி அந்தப் பாறையடியிலேயே கிடந்தது. 1961இல் மைக் வில்சனும் இரண்டு அமெரிக்கச் சிறுவர்களும் சுழியோடியபோது வெள்ளி நாணயங்களைக் கண்டார்கள். ஆர்தர் சி. கிளார்க் அதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். பை பையாகக் கட்டி அனுப்பிய ரூபாய்கள். பை உக்கிப்போக, நாணயங்கள் அந்த வடிவத்திலேயே கட்டியாக ஒட்டிக் கிடந்தன. சூரத் அக்கசாலையில் அவுரங்கசீப் பெயரால் அடித்தவை. ஹிஜ்ரி 1113, அதாவது 1701 - 1702. கப்பல் யாருடையது, அதில் எத்தனை பேர் போனார்கள் என்பது இன்றுவரை தெளிவாகவில்லை. நமது மத்றஸாப் பிள்ளை ஒருவர் அந்த எண்ணை எழுத்துக்கூட்டாமலே வாசிப்பார். ஆனால் அது நமது வரலாற்றுக் கட்டுரைகளுக்குள் வந்ததை நான் காணவில்லை. சுழியோடிகளின் கதையாகவே நின்றுவிட்டது.

2004 சுனாமி அந்தக் கோபுரத்தையும் அடித்தது. கருங்கல் நின்றது.

பஸ்ஸில் திரும்பும்போது அந்தப் பிள்ளைக்கு விளக்குவரியைச் சொன்னேன். சூரத் வெள்ளியையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டது: "அப்ப அந்தக் கப்பலுக்கு லைட்டே இருக்கல்லயா, சேர்?"

"இல்ல மகன். அதுக்குப் பொறகும் நூத்தி எழுபது வருஷம் இருக்கல்ல."