குற்றால அருவிக் குளியல்: உரிமையும் தடையும்

தென்காசி மாவட்டம் குற்றாலத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து விழும் அருவிகளில் பொதுமக்கள் நீராடும் வழக்கத்தையும், அதற்கு அரசு அமைப்புகள் விதிக்கும் தடைகளையும் பற்றியது இக்கட்டுரை. பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், புலியருவி, சிற்றருவி ஆகியவற்றில் மக்கள் வழக்கமாகக் குளிக்கிறார்கள். குளிக்கக் கட்டணம் இல்லை. எந்த ஊர், என்ன வேலை என்று கேட்பவரும் இல்லை. சீசன் என்று எல்லோரும் சொல்லும் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், ஜூன் முதல் ஆகஸ்ட், செப்டம்பர் வரை கூட்டம் அலைமோதும். வடகிழக்குப் பருவமழையிலும் அருவிகளில் நீர் பெருகும். அப்போது ஐயப்ப பக்தர்கள் திரளாக வருவார்கள்.

தனிமனிதர் விருப்பமும் அரசின் கட்டுப்பாடும் அன்றாடம் நேருக்கு நேர் சந்திக்கும் இடம் இது. சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ இரவெல்லாம் பயணம் செய்து விடியற்காலையில் வந்து இறங்குபவர் முதலில் கேட்கும் கேள்வி, “தண்ணி விழுதா?” அடுத்தது, “குளிக்க விடுறாங்களா?” முதல் கேள்விக்கு மலை பதில் சொல்லும். இரண்டாவதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் காவல் துறை, பேரூராட்சி, மாவட்ட நிர்வாகம், வனத்துறை எனப் பலர்.

வெள்ளமும் வளைவும்

பேரருவி ஏறத்தாழ 60 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது. ஆனால் ஒரே வீச்சில் கீழே வருவதில்லை. பாதி வழியில் பாறையில் குடைந்திருக்கும் பொங்குமாங்கடல் என்ற ஆழமான பள்ளத்தில் விழுந்து, வேகம் தணிந்து, பொங்கி வழிந்து இறங்குகிறது. மனிதர் தலைகொடுத்து நிற்க முடிவது இதனால்தான். மலையில் மழை வலுக்கும்போது பொங்குமாங்கடலாலும் அந்த வேகத்தைத் தாங்க முடியாது. நீர் பழுப்பேறி, கல்லையும் மரக்கட்டையையும் உருட்டிக்கொண்டு வரும். குளிக்கும் பகுதியையொட்டி அமைந்த பாதுகாப்பு வளைவை நீர் தாண்டினால் தடை என்பது இங்கே எல்லோரும் அறிந்த அளவுகோல். உள்ளூர்க்காரர்கள் அதை ‘ஆர்ச்’ என்பார்கள். ஆர்ச்சைத் தாண்டித் தண்ணீர் கொட்டுகிறது என்ற செய்தி வந்தால் தடை வந்துவிட்டது என்று பொருள். காவலர் விசில் ஊதுவார், கூட்டம் கரையேறும். நீர் வடிந்ததும் தடை விலகும். சில நாட்களில் காலையில் தடை, மதியம் அனுமதி, மாலையில் மீண்டும் தடை என்று மாறிக்கொண்டே இருக்கும்.

கீழே வெயிலடிக்கும்போதே மேலே மழை கொட்டிக்கொண்டிருக்கலாம் என்பதுதான் இந்த அருவிகளின் ஆபத்து. நிற்பவர் கண்ணுக்கு அது தெரியாது. 2022 ஆகஸ்ட்டில் பேரருவியில் திடீரென வந்த வெள்ளம் பெண்கள் இருவரின் உயிரைப் பறித்தது. அதே ஆண்டு டிசம்பரில் பழைய குற்றாலத்தில் இழுத்துச் செல்லப்பட்ட சிறுமியை அங்கிருந்த ஓட்டுநர் ஒருவர் பாறைகளுக்கிடையே இறங்கிக் காப்பாற்றினார். 2024 மே 17 அன்று, சீசன் தொடங்குவதற்கு முன்பே, கோடை மழையில் பழைய குற்றாலத்தில் வெள்ளம் பாய்ந்தது. படிகளில் மக்கள் அலறி ஓடிய காட்சி நாடெங்கும் பரவியது. திருநெல்வேலியைச் சேர்ந்த 17 வயது மாணவர் ஒருவர் அதில் இறந்தார். அதன் பிறகு எல்லா அருவிகளிலும் பல நாட்கள் குளியலுக்குத் தடை இருந்தது.

இந்தத் தடையை உள்ளூரில் யாரும் எதிர்ப்பதில்லை. சீசன் வருமானத்தை நம்பி ஆண்டு முழுவதும் காத்திருக்கும் கடைக்காரரும் ஆட்டோ ஓட்டுநரும்கூட ஆர்ச்சைத் தாண்டிய நீரில் ஆளை விடச் சொல்லமாட்டார்கள். தடைக்கான காரணம் அவர்கள் கண்முன்னே விழுந்துகொண்டிருக்கிறது. அது எப்போது நீங்கும் என்பதையும் நீரைப் பார்த்தே அவர்கள் கணித்துவிடுவார்கள்.

சட்டத்தின் பிடி

அரசியலமைப்பின் 19-ஆம் பிரிவு இந்தியா எங்கும் தடையின்றிச் சென்றுவரும் உரிமையைக் குடிமக்களுக்குத் தருகிறது. பொதுநலன் கருதி அதன்மேல் நியாயமான கட்டுப்பாடுகளை விதிக்கலாம் என்றும் அதே பிரிவு கூறுகிறது. 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவர் ஆட்சியர். ஆபத்தான பகுதிக்குள் மக்கள் நுழைவதையும் நடமாடுவதையும் கட்டுப்படுத்த அந்த ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. மக்கள் இன்றும் ‘144’ என்றே சொல்லும் தடையாணை, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 163-ஆம் பிரிவில் இருக்கிறது. மாநில அரசு நீட்டித்தாலன்றி அத்தகைய ஆணை இரண்டு மாதங்களுக்கு மேல் செல்லாது. 2020 ஜனவரியில் காஷ்மீர் இணையத் தடை தொடர்பான அனுராதா பாசின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை மேலும் இறுக்கியது: இத்தகைய ஆணைகளை வெளியிட வேண்டும், காரணம் காட்ட வேண்டும், அவை தேவையின் அளவுக்குள் நிற்க வேண்டும்.

ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் 1859-இல் வெளியிட்ட ‘சுதந்திரம் பற்றி’ என்ற நூலில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. இடிந்து விழக்கூடிய பாலத்தில் ஒருவர் கால் வைக்கப் போகிறார், எச்சரிக்க நேரமில்லை. அவரைப் பிடித்து நிறுத்துவது அவருடைய சுதந்திரத்தைப் பறிப்பதாகாது, ஏனெனில் ஆற்றில் விழுவது அவர் விருப்பமல்ல. ஆனால் விபத்து உறுதியில்லை, ஆபத்து இருக்கலாம் என்ற அளவில் மட்டும் இருந்தால், அறிவுள்ள பெரியவரை எச்சரித்துவிட்டு முடிவை அவரிடமே விட வேண்டும் என்பது மில்லின் கட்சி. வெள்ளம் வரும் பேரருவி முதல் வகை. மலையில் பெய்யும் மழையைக் கீழே குளிப்பவர் அறிய வழியில்லாததால், அங்கே காவலரின் விசில் அவருக்குக் கிடைக்காத தகவலைத்தான் தருகிறது.

சோப்பும் எண்ணெயும்

குற்றாலத்தில் இன்னொரு வகைத் தடையும் உண்டு; அது குளிப்பவரின் நலனுக்கானது அல்ல, நீரின் நலனுக்கானது. எண்ணெய் தேய்த்து அருவியில் நிற்பது குற்றாலத்தின் பழைய பழக்கம். அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுவதையே தொழிலாகக் கொண்ட குடும்பங்கள் இருந்தன. காலப்போக்கில் எண்ணெயோடு சோப்பு, ஷாம்பு, சீயக்காய்ப் பொட்டலங்களும் குவிந்தன. 2014-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு பயன்படுத்தத் தடை விதித்தது. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்கள் 14-க்கு மாநிலம் முழுவதும் வந்த தடையும் இங்கே சேர்ந்துகொண்டது.

தன் தலையில் எதைத் தேய்த்துக்கொள்வது என்பது சொந்த விஷயம்தானே என்ற வாதம் எழத்தான் செய்தது. அது குற்றாலத்தில் நிற்காது. அருவிநீர் சிற்றாறாக ஓடி, தென்காசிப் பகுதியின் வயல்களுக்குப் பாய்ந்து, சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலக்கிறது. கீழே அந்த நீரை நம்பி வாழ்பவர் யாருடைய ஷாம்புவுக்கும் சம்மதம் கொடுக்கவில்லை. பிறருக்குத் தீங்கு வரும் இடத்தில் தன் விருப்பம் என்ற வாதம் முடிந்துவிடுகிறது. ஆயினும் இந்தத் தடையின் சுமை எல்லோர் மேலும் ஒரே அளவில் விழவில்லை. பயணிக்கு ஒருநாள் வசதி குறைந்தது; எண்ணெய் தேய்ப்பவருக்குப் பிழைப்பு இடம்பெயர்ந்தது. பொதுநலனுக்காக ஒரு தொழிலை அதன் இடத்திலிருந்து அகற்றும்போது, மாற்று இடம் தருவதும் அந்தக் கட்டுப்பாட்டின் பகுதியாக இருக்க வேண்டும்.

மூடிய இரண்டு சீசன்கள்

கொரோனாப் பரவலையொட்டி 2020 மார்ச்சில் அருவிகள் மூடப்பட்டு, டிசம்பரில்தான் திறந்தன. 2021 ஏப்ரலில் மீண்டும் மூடப்பட்டு, அந்த டிசம்பரில் திறந்தன. ஆக, இரண்டு முழுச் சீசன்களிலும் அருவி கொட்டியது, குளிக்க ஆளில்லை. முதல் தடைக்கு வலுவான நியாயம் இருந்தது: தடுப்பூசி இல்லை, நோயின் போக்கும் பிடிபடவில்லை. இரண்டாவது தடையின் பிற்பகுதி அப்படியல்ல. கடைகள், திரையரங்குகள் எனப் பலவும் நிபந்தனைகளோடு திறந்த பிறகும், திறந்தவெளியில் விழும் அருவி பூட்டியே இருந்தது. எத்தனை பேரை எவ்வளவு நேரம் அனுமதிக்கலாம் என்று கணக்கிட்டு முன்கூட்டியே திறந்திருக்கலாம். முழுத் தடை நிர்வாகத்துக்கு எளிது. அதன் விலையைக் கொடுத்தவர்கள் விடுதி ஊழியர்களும், சிப்ஸ் கடைக்காரர்களும், ரம்புட்டான், மங்குஸ்தான் விற்கும் சிறு வியாபாரிகளும்.

காடு யாருக்கு?

பேரருவிக்கு மேலே உள்ள செண்பகாதேவி அருவியும் தேனருவியும் காப்புக்காட்டுக்குள் இருப்பதால் அங்கே பொதுமக்கள் செல்ல முடியாது. 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டத்தின்கீழ் காப்புக்காட்டுக்குள் அத்துமீறி நுழைவது குற்றம். சித்ரா பௌர்ணமியையொட்டி செண்பகாதேவி அம்மன் கோயிலுக்குப் பக்தர்கள் அனுமதி பெற்று மலையேறுவது விதிவிலக்கு. பழைய குற்றாலத்தில் நிலைமை வேறு. ஆயிரப்பேரி ஊராட்சி எல்லையில் இருக்கும் அந்த அருவியின் பொறுப்பை, 2024 வெள்ளத்துக்குப் பிறகு, வனத்துறையிடம் ஒப்படைக்கும் பேச்சு எழுந்தபோது உள்ளூர் மக்களும் விவசாயிகளும் எதிர்த்தார்கள். இரவிலும் குளிக்க முடிந்த இடத்தில் பகலில் மட்டுமே குளிக்கலாம் என்ற கட்டுப்பாடு வந்ததும் அவர்கள் அச்சத்தைக் கூட்டியது. பாதுகாப்புக்காக வந்த தடை உரிமையையே நிரந்தரமாக மாற்றிவிடுமோ என்ற அந்தக் கவலை நியாயமானது. மே 17-இல் இறந்த மாணவரை வெள்ளம் கொண்டுபோனதற்கான மறுமொழி, மலைமேல் மழைமானியும் கீழே அபாயச் சங்கும் போதிய காவலரும்தான்; நிலம் எந்தத் துறையின் பேரில் இருக்கிறது என்பது அதற்கு விடையாகாது.

கட்டுப்பாடு இல்லாமல் போனால் என்ன நடக்கும் என்பதற்கும் இதே மலையடிவாரம் சான்று. ஓடைகளின் இயற்கையான போக்கை மாற்றித் தனியார் விடுதிகள் செயற்கை அருவிகளை அமைப்பதாக உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்கு வந்தது. 2022-இல் அவற்றை ஆய்வு செய்து நடவடிக்கை எடுக்க நீதிமன்றம் உத்தரவிட்டது. இதன் சட்ட அடிப்படை பழையது. இமாசலப் பிரதேசத்தில் ஒரு விடுதிக்காக பியாஸ் ஆற்றின் போக்கை மாற்றியது தொடர்பான எம்.சி. மேத்தா எதிர் கமல்நாத் வழக்கில், ஆறு, காடு, கடற்கரை முதலியவற்றை அரசு மக்களுக்காகப் பொறுப்பில் வைத்திருக்கிறது, தனியாருக்கு உரிமையாக்க முடியாது என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காசு உள்ளவர் தன் சுவருக்குள் அருவியைக் கொண்டுபோனால், பேரருவியில் இலவசமாகக் குளிக்க வருபவரின் சுதந்திரம் குறைகிறது. அந்த இடத்தில் அரசு விலகி நிற்பது சுதந்திரத்துக்குச் செய்யும் உதவியல்ல.

அருவிகளை மக்களுக்காகப் பொறுப்பில் வைத்திருப்பவர்கள் எனக் கொண்டால், அரசு அமைப்புகள் வெறும் காவலர்கள் அல்ல, கணக்குச் சொல்ல வேண்டியவர்கள். குற்றாலத்தில் இன்று குறைவாக இருப்பது அதிகாரம் அல்ல, அறிவிப்பு. தடை போடும் ஒவ்வொரு முறையும், எந்த அலுவலர் போட்டார், என்ன காரணம், அடுத்து எப்போது பரிசீலிப்பார் என்ற மூன்றையும் அருவிக்கரையிலும் பேருந்து நிலையத்திலும் பலகையில் எழுதி வைக்க மாவட்ட நிர்வாகம் முன்வர வேண்டும். இதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.