உடற்பயிற்சியில் ஆற்றல் உற்பத்தி: சிங்கப்பூர்த் தடகளத்தின் வழியே ஒரு வரலாறு

உடற்பயிற்சியின்போது தசைகளுக்கு வேண்டிய ஆற்றலை உடல் மூன்று வழிகளில் உண்டாக்குகிறது. அவற்றுள் இரண்டுக்கு ஆக்சிஜன் தேவையில்லை. அவை அனேரோபிக் அல்லது காற்றில்லா வழிகள். மாவுச்சத்தையும் கொழுப்பையும் ஆக்சிஜனின் துணையோடு எரிப்பது மூன்றாவதான ஏரோபிக் வழி. எந்த வழியில் கிடைத்தாலும் தசை செலவழிக்கக்கூடிய பொருள் ஒன்றுதான்: அடினோசின் டிரைபாஸ்பேட், சுருக்கமாக ஏடிபி. முழு வேகத்தில் ஓடும் ஒருவரின் தசையில் இருப்பிலுள்ள ஏடிபி இரண்டு மூன்று விநாடிகளுக்கு மேல் வராது. செலவான ஏடிபியை அந்தந்தக் கணமே திரும்பக் கட்டுவதற்குத்தான் மூன்று வழிகளும் இருக்கின்றன.

இந்த அறிவு உருப்பெற ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு ஆனது. அதன் முக்கியமான ஒரு திருப்பத்தைச் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த ஒருவர் ஏற்படுத்தினார். அந்த அறிவு மனித உடலில் எப்படி வெளிப்படுகிறது என்பதைச் சிங்கப்பூரின் ஓட்டப் பதிவேடுகளிலேயே காணலாம்.

மூன்று ஓட்டங்கள்

1968ஆம் ஆண்டு மெக்சிகோ ஒலிம்பிக்கில் சி. குணாளன் 100 மீட்டரை 10.38 விநாடியில் ஓடினார். பி.சி. சுப்பையா 1973இல் 10,000 மீட்டரை 31 நிமிடம் 19 விநாடியில் முடித்தார். எம். ரமேஷன் 1995ஆம் ஆண்டு சியாங் மாய் தென்கிழக்காசிய விளையாட்டுகளில் மாரத்தானை 2 மணி 24 நிமிடம் 22 விநாடியில் ஓடினார். மூன்றும் பல்லாண்டுகள் நிலைத்த தேசியச் சாதனைகள். குணாளனின் சாதனையை யு.கே. ஷியாம் 10.37 விநாடியில் ஓடி முறியடித்தது 2001இல்தான். சுப்பையாவுடையது 2014 வரையும் ரமேஷனுடையது 2019 வரையும் நின்றன. இரண்டையும் முறியடித்தவர் சோ ருய் யோங்.

இவற்றை வேகமாக மாற்றிப் பார்த்தால், குணாளன் விநாடிக்கு 9.6 மீட்டர், சுப்பையா 5.3 மீட்டர், ரமேஷன் 4.9 மீட்டர். ரமேஷன் ஓடிய நேரம் குணாளன் ஓடியதைப்போல் 800 மடங்குக்கும் மேல். ஆனால் வேகம் பாதியாகத்தான் குறைந்தது. விரைவோட்டத்துக்கும் நெடுந்தொலைவு ஓட்டத்துக்கும் இடையே வேகம் முதலில் செங்குத்தாக இறங்கிப் பிறகு கிட்டத்தட்டச் சமமாகிவிடுவதற்குக் காரணம் ஆற்றல் வழிகளின் இயல்பே.

முதல் வழி கிரியேட்டின் பாஸ்பேட். தசைக்குள்ளேயே இருக்கும் இச்சேர்மம் தன் பாஸ்பேட்டைக் கொடுத்து ஏடிபியை நொடிப்பொழுதில் மீட்டுத் தருகிறது. உச்ச முயற்சியில் இது பத்து விநாடியளவில் பெரும்பாலும் தீர்ந்துபோகும். இரண்டாவது வழியில் தசையில் சேமிக்கப்பட்ட மாவுச்சத்தான கிளைக்கோஜன் ஆக்சிஜன் இன்றி உடைந்து லாக்டேட் ஆகிறது. வேகமான வழிதான், ஆனால் சிக்கனமானதன்று: ஒரு குளுக்கோஸ் மூலக்கூறுக்கு இரண்டு மூன்று ஏடிபி மட்டுமே மிஞ்சும். மூன்றாவது வழி உயிரணுவின் இழைமணிகளில், அதாவது மைட்டோகாண்ட்ரியாக்களில் நடக்கிறது. அதே குளுக்கோஸ் அங்கே ஏறத்தாழ 30 ஏடிபி தரும். ஆனால் நுரையீரலும் இதயமும் ஆக்சிஜனைக் கொண்டுவந்து சேர்க்கும் வேகத்துக்கு மேல் அந்த வழி நடக்காது.

மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகப் பற்றிக்கொள்வதாக நினைப்பது பரவலான தவறு. முதல் அடி எடுத்து வைக்கும்போதே மூன்றும் இயங்குகின்றன. அவற்றின் பங்குதான் மாறிக்கொண்டே போகிறது. முழு மூச்சாகச் செய்யும் முயற்சியில் ஏறத்தாழ ஒன்றேகால் நிமிடத்தில் காற்றில்லா வழிகளின் மொத்தப் பங்கும் ஏரோபிக் பங்கும் சமமாகின்றன. ஆகவே 400 மீட்டர் ஓட்டத்திலேயே ஆக்சிஜனுக்குக் கணிசமான பங்கு உண்டு. மாரத்தானில் ஏறக்குறைய முழுப் பொறுப்பும் அதனுடையது.

லாக்டிக் அமிலத்தின் கதை

வேட்டையில் துரத்தப்பட்டு இறந்த மானின் தசையில் லாக்டிக் அமிலம் மிகுந்திருப்பதை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுவீடன் வேதியியலாளர் பெர்சிலியஸ் கண்டார். லூயி பாஸ்டர் 1861இல் ஈஸ்ட்டை ஆராய்ந்து, ஆக்சிஜன் இல்லாதபோது அது அதிகச் சர்க்கரையைச் செலவழிக்கிறது என்று காட்டினார். கேம்பிரிட்ஜில் ஃபிளெட்சரும் ஹாப்கின்ஸும் 1907இல் தவளைத் தசையைக் கொண்டு சோதித்தனர். ஆக்சிஜன் இல்லாமல் சுருங்கிய தசையில் லாக்டிக் அமிலம் சேர்ந்தது; ஆக்சிஜன் கொடுத்ததும் மறைந்தது.

இதைத் தொடர்ந்து ஏ.வி. ஹில்லும் ஓட்டோ மேயர்ஹாஃபும் செய்த ஆய்வுகளுக்கு 1922ஆம் ஆண்டின் நோபெல் பரிசு கிடைத்தது. ஓடுபவர்களின் மூச்சுக்காற்றைப் பையில் பிடித்து அளந்த ஹில், ஒருவர் உள்வாங்கக்கூடிய ஆக்சிஜனுக்கு உச்ச அளவு ஒன்று இருப்பதைக் கண்டார். ஓடி முடித்த பிறகும் மூச்சு வாங்குவதை ‘ஆக்சிஜன் கடன்’ என்று விளக்கினார். லாக்டிக் அமிலமே தசையைச் சுருங்க வைக்கிறது என்பது அக்காலத்தின் உறுதியான நம்பிக்கை.

அந்த நம்பிக்கையை அசைத்தவர்களுள் ஒருவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். பழைய சென்னை மாகாணத்தின் பீமவரத்தில் 1895இல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, 1920களின் தொடக்கத்தில் ஹார்வர்டு சென்றவர். அங்கே சைரஸ் ஃபிஸ்குடன் சேர்ந்து, பாஸ்பரஸை நீல நிறத்தின் அடர்த்தி கொண்டு அளக்கும் முறையை 1925இல் வெளியிட்டார். தசைச் சாற்றில் அதைப் பயன்படுத்தியபோது ஒரு முரண் தெரிந்தது. நிறம் உடனே முழுமையடைய வேண்டும். தசைச் சாற்றிலோ நீலம் மெல்ல மெல்லக் கூடிக்கொண்டே போனது. ஏதோ ஒரு பாஸ்பேட் சேர்மம் சோதனைக் குழாயிலேயே சிறுகச் சிறுக உடைகிறது என்பதே அதன் பொருள். அதைத் துரத்திச் சென்றவர்கள் 1927இல் கண்டடைந்தது கிரியேட்டின் பாஸ்பேட். பூனையின் தசை சுருங்கும்போது அது குறைந்தது, ஓய்வெடுத்தபோது மீண்டும் சேர்ந்தது. அதே காலத்தில் பிரிட்டனில் எக்கிள்டன் தம்பதியும் இச்சேர்மத்தைத் தனியே கண்டனர். 1929இல் ஏடிபியை ஜெர்மனியில் கார்ல் லோமனும், ஹார்வர்டில் ஃபிஸ்க், சுப்பாராவ் இணையும் தனித்தனியே பிரித்தெடுத்தனர். சுப்பாராவின் பெயரைப் பின்னாளில் யானைக்கால் நோய்க்கான மருந்தோடு சேர்த்து அறிந்தவர்கள் உண்டு. தசை ஆய்வில் அவர் செய்ததும் அதற்குக் குறைந்ததன்று.

1930இல் கோப்பன்ஹேகனில் லுண்ட்ஸ்கார்ட், லாக்டிக் அமிலம் உண்டாகாதபடி நச்சூட்டப்பட்ட தசையும் சுருங்குவதைக் காட்டினார். கிரியேட்டின் பாஸ்பேட் ஏடிபியை மீட்டெடுப்பதை லோமன் 1934இல் நிறுவினார். ஹான்ஸ் கிரெப்ஸ் 1937இல் சிட்ரிக் அமிலச் சுழற்சியை விளக்கினார். இழைமணியின் சவ்வுக்கு இரு பக்கமும் உள்ள புரோட்டான் வேறுபாடே ஏடிபியைக் கட்டுகிறது என்று பீட்டர் மிட்செல் 1961இல் முன்வைத்த கருத்துக்கு 1978இல் நோபெல் கிடைத்தது.

லாக்டிக் அமிலத்தின், அதாவது லாக்டேட்டின், மீதான பழி மட்டும் நீண்டகாலம் நீங்கவில்லை. மறுநாள் கால்வலிக்கும் அதுவே காரணம் என்று இன்றும் ஜிம்மிலும் திடலிலும் சொல்வார்கள். உண்மையில் ஓடி முடித்து ஓரிரு மணி நேரத்துக்குள் இரத்தத்தில் அதன் அளவு இயல்புக்குத் திரும்பிவிடும். மறுநாள் வலி, தசைநாரில் ஏற்படும் நுண்ணிய சேதத்தோடு தொடர்புடையது. ஒரு தசை வெளியிடும் லாக்டேட்டை இதயமும் பிற தசைகளும் எரிபொருளாக எடுத்துக்கொள்கின்றன என்று அமெரிக்க ஆய்வாளர் ஜார்ஜ் புரூக்ஸ் 1980களிலிருந்து விளக்கிவந்தார்.

மெக்சிகோ 1968

இரு வகை ஆற்றலையும் ஒரே மேடையில் பிரித்துக் காட்டியது மெக்சிகோ ஒலிம்பிக். நகரம் கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் ஏறத்தாழக் கால்பங்கு குறைவு. விரைவோட்டக்காரர்களுக்கு அது சாதகம்: காற்றின் எதிர்ப்பு குறைவு, ஆக்சிஜன் தட்டுப்பாடோ பத்து விநாடி ஓட்டத்தைப் பெரிதாகப் பாதிக்காது. ஜிம் ஹைன்ஸ் 100 மீட்டரை 9.95 விநாடியில் வென்றார். நெடுந்தொலைவில் நிலைமை தலைகீழ். 10,000 மீட்டரில் கென்யாவின் நஃப்தாலி டெமு வென்ற நேரம் 29 நிமிடம் 27.4 விநாடி, உலகச் சாதனையைவிட ஒன்றே முக்கால் நிமிடம் அதிகம். அச்சாதனையை வைத்திருந்த ரான் கிளார்க் ஓட்டம் முடிந்ததும் மயங்கி விழுந்தார்.

குணாளனின் 10.38 விநாடியும் அந்தக் காற்றில் ஓடியதே. கால்பந்தாட்டக்காரராக இருந்த அவரைத் தடகளத்துக்கு அழைத்து வந்தவர் பயிற்றுநர் டான் எங் யூன். 1966 பாங்காக் ஆசிய விளையாட்டுகளில் குணாளன் மலேசியாவின் எம். ஜெகதீசனிடம் புகைப்படத் தீர்ப்பில் தங்கத்தை இழந்து வெள்ளி பெற்றிருந்தார். லிட்டில் இந்தியாவை ஒட்டிய ஃபேரர் பார்க், அத்தலைமுறை ஓட்டக்காரர்கள் பயிற்சி செய்த திடல்களுள் ஒன்று.

பள்ளித் திடலும் முகாமும்

சிங்கப்பூரில் வளர்ந்த பலரும் இந்த ஆற்றல் வழிகளைத் தம் உடலிலேயே சோதித்திருப்பார்கள். 1980களில் பள்ளிகளுக்கு வந்த நாஃபா உடலுறுதிச் சோதனையில் நின்ற இடத்திலிருந்து தாண்டுவது ஒரு நொடி வேலை. பத்து மீட்டரை நான்கு முறை ஓடும் ஷட்டில் ஓட்டத்தில் மாணவர் எதிர்க்கோட்டுக்கு ஓடிக் குனிந்து பொருளை எடுத்து, திரும்பி வந்து வைத்து, இரண்டாவதை எடுக்க மறுபடி ஓடவேண்டும். பத்துப் பன்னிரண்டு விநாடியில் முடியும் இது பெரும்பாலும் கிரியேட்டின் பாஸ்பேட்டின் தயவு. ஒரு நிமிடத்துக்கு இடைவிடாமல் செய்யும் சிட்-அப்பில் வயிறு எரிவது கிளைக்கோஜன் காற்றின்றி உடைவதன் அடையாளம். 2.4 கிலோமீட்டர் ஓட்டம் ஏரோபிக் வழியின் அளவுகோல்.

ஒன்றரை மைல் என்னும் அந்தத் தூரம் அமெரிக்க விமானப்படை மருத்துவர் கென்னத் கூப்பரின் சோதனைகளை நினைவூட்டுவது. 1968இல் வெளிவந்த அவருடைய ‘ஏரோபிக்ஸ்’ நூல் அச்சொல்லை உலகெங்கும் கொண்டுசென்றது. தேசிய சேவையாளர்களின் ஐபிபிடி உடலுறுதிச் சோதனையிலும் 2015 வரை ஷட்டில் ஓட்டமும் தாண்டலும் இருந்தன. அவற்றையும் சின்-அப்பையும் நீக்கிய புதிய வடிவத்தில் புஷ்-அப், சிட்-அப், 2.4 கிலோமீட்டர் ஓட்டம் ஆகிய மூன்று மட்டுமே. நொடிப்பொழுது வலிமையைத் தனித்து அளந்த பகுதிகள் அதிலிருந்து போய்விட்டன.

சிராங்கூன் சாலையில்

தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலையிலுள்ள ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயிலுக்குக் காவடி சுமந்து செல்பவரின் உடலில் இரு வகை வேலையும் ஒரே நேரத்தில் நடக்கிறது. மூன்று கிலோமீட்டருக்கு மேற்பட்ட நடை, மணிக்கணக்கில் நீளும். கால்களுக்கு வேண்டியதைக் கொழுப்பும் ஆக்சிஜனும் தருகின்றன. விரதமிருந்த உடலில் கொழுப்பின் பங்கு மேலும் கூடும். ஆனால் காவடியை அசையாமல் தாங்கும் தோளின் கதை வேறு. இறுகிய தசை தன் இரத்தக் குழாய்களையே அழுத்துவதால் அங்கே ஆக்சிஜன் குறைந்து லாக்டேட் சேர்கிறது. நின்று இளைப்பாறித் தோளை மாற்றும்போது இரத்தம் மீண்டும் பாய்கிறது.

வெப்பமும் ஈரப்பதமும்

தசை செலவழிக்கும் ஆற்றலில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் இயக்கமாக மாறுவதில்லை, மிச்சமெல்லாம் வெப்பம். நிலநடுக்கோட்டுக்கு ஒன்றரை டிகிரிக்குள் இருக்கும் சிங்கப்பூரின் ஈரக்காற்றில் வியர்வை எளிதில் ஆவியாவதில்லை. உடலைக் குளிர்விக்க இரத்தம் தோலுக்குத் திரும்பும்போது தசைக்குக் கிடைப்பது குறையும், கிளைக்கோஜன் விரைவாகக் கரையும். 1982இல் தொடங்கிய சிங்கப்பூர் மாரத்தான் பெரும்பாலும் விடியுமுன்னே புறப்பட்டு வந்ததற்கு இதுவே காரணம். 1983இல் சொந்த மண்ணில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டுகளில் மகளிர் மாரத்தான் தங்கம் வென்ற கே. ஜெயமணி ஓடியதும் இந்த வானிலையில்தான்.

உடல் இதற்குப் பழகிக்கொள்ளும். ஏறக்குறைய இரண்டு வாரம் வெயிலில் படிப்படியாகப் பயிற்சி செய்தால் இரத்தத்தின் நீர்மப் பகுதி பெருகுகிறது, வியர்வை முன்கூட்டியே சுரக்கிறது, அதே வேகத்துக்கு இதயத் துடிப்பு குறைகிறது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் யோங் லூ லின் மருத்துவப் பள்ளியில் வெப்பத் தாங்குதிறனை ஆராய்வதற்கென்றே இப்போது ஒரு மையம் இயங்குகிறது. அதன் ஆய்வு விளையாட்டாளர்களோடு நிற்காமல், வெட்டவெளியில் நாள் முழுவதும் உழைப்பவர்களையும் உள்ளடக்குகிறது.