போதைப் பழக்கத்திற்கு ஆளானோருக்கு உளவளத்துணை: ஒவ்வொரு வயதிலும் நாம் கவனிக்க வேண்டியவை

போதைப் பழக்கம் என்றதும் நமது மனக்கண்ணில் பெரும்பாலும் ஓர் இளைஞனின் உருவமே தோன்றுகிறது. ஆனால் பாடசாலைப் பையில் மாவா பொட்டலத்தை ஒளித்து வைக்கும் சிறுவனும், வீட்டார் அறியாமல் தூக்க மாத்திரையின் அளவைக் கூட்டிக்கொண்டே போகும் குடும்பத் தலைவியும், வெற்றிலையும் புகையிலையும் இல்லாமல் ஒரு மணி நேரம் இருக்க முடியாத முதியவரும் இதே வட்டத்திற்குள்தான் இருக்கிறார்கள்.

இவர்கள் எல்லோருக்கும் நாம் வழமையாகச் சொல்வது ஒன்றுதான்: "இது ஹராம், உடம்பைக் கெடுக்கும், விட்டுவிடுங்கள்." சொல்வது உண்மையே. ஆனால் அவர்களில் அனேகமானோர் அதை ஏற்கனவே அறிந்தவர்கள். அறிந்தும் விட முடியாமல் இருப்பதுதான் அவர்களது நோய். எனவே உதவி செய்ய விரும்பும் ஒருவர் முதலில் தேட வேண்டிய விடை, இந்தப் பழக்கம் இந்த வயதில் இவருக்கு எதைக் கொடுக்கிறது என்பதே. சிறுவனுக்கு அது நண்பர் கூட்டத்தில் ஓர் இடத்தைக் கொடுக்கலாம். உழைப்பாளிக்கு இரவு முழுவதும் விழித்திருக்கும் தெம்பைக் கொடுக்கலாம். முதியவருக்குத் தனிமையை மறக்க வைக்கலாம். அந்த இடத்தை வேறொன்றால் நிரப்பாமல் பழக்கத்தை மட்டும் பிடுங்கி எறிய முடியாது.

அடிமையாதல் என்பது என்ன?

ஒரு பொருளைப் பாவிக்கும் எல்லோரும் அடிமைகள் அல்லர். மூன்று அடையாளங்கள் முக்கியமானவை. அளவையும் நேரத்தையும் கட்டுப்படுத்த முடியாமல் போதல். தொழில், கல்வி, குடும்பம், வணக்கம் அனைத்தையும் விட அதற்கே முதலிடம் கொடுத்தல். தீங்கு கண்ணுக்குத் தெரிந்த பின்னரும் தொடர்தல்.

போதைப்பொருள் இல்லாமலும் இந்த நிலை உண்டாகலாம். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்களின் சர்வதேச வகைப்பாட்டு 11ஆவது பதிப்பு 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. சூதாட்டக் கோளாறுடன் டிஜிட்டல் விளையாட்டுக் கோளாறும் அதில் அடிமைப் பழக்கங்களின் வரிசையில் இடம்பெற்றுள்ளது. விளையாட்டுக் கோளாறென முடிவு செய்ய, பொதுவாக மேற்சொன்ன நிலை குறைந்தது 12 மாதங்கள் நீடித்திருக்க வேண்டும். எனவே விடுமுறையில் கைத்தொலைபேசியும் கையுமாக இருக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் இந்தப் பெயரைச் சூட்டிவிடக் கூடாது.

உளவளத்துணை எப்படி நடக்கிறது?

உளவளத்துணையாளர் நல்லுபதேசம் செய்பவர் அல்லர். தீர்ப்புச் சொல்பவரும் அல்லர். அவர் கேள்வி கேட்டு, காது கொடுத்துக் கேட்டு, மாறுவதற்கான காரணத்தை எதிரில் இருப்பவரின் வாயிலிருந்தே வரவழைக்கிறார். நாம் எவ்வளவுக்கு வற்புறுத்துகிறோமோ அவ்வளவுக்கு அவர் தன் பழக்கத்திற்காக வாதாடத் தொடங்குவார். வீடுகளில் தினமும் நடப்பது இதுதான்.

புரொச்சாஸ்கா, டிகிளெமென்டே என்ற இரு உளவியலாளர்கள் புகைப்பதைத் தாமாகவே நிறுத்தியவர்களை ஆராய்ந்து, மனமாற்றம் படிப்படியாக நிகழ்வதை 1983இல் எடுத்துக்காட்டினர். பிரச்சினை இருப்பதையே ஏற்காத நிலை, விடலாமா என்று தடுமாறும் நிலை, ஆயத்தமாகும் நிலை, விட்டுவிடும் நிலை, விட்டதைக் காத்துக்கொள்ளும் நிலை என இவை இன்று விளக்கப்படுகின்றன. முதல் நிலையில் இருப்பவரிடம் புனர்வாழ்வு நிலையத்தின் விண்ணப்பப் படிவத்தை நீட்டினால் அவர் நம்மை விட்டு ஓடிவிடுவார். அவரிடம் முதலில் பெற வேண்டியது நம்பிக்கை மட்டுமே.

அந்த நம்பிக்கைக்கு அடித்தளம் இரகசியம் காத்தல். சொன்ன விடயம் மஹல்லா முழுவதும் பரவும் என்று அஞ்சுபவர் ஒருபோதும் வாய் திறக்க மாட்டார். உயிருக்கு ஆபத்து, சிறுவர் துஷ்பிரயோகம் போன்ற சந்தர்ப்பங்களில் மட்டும் இரகசியத்திற்கு எல்லை உண்டு. அதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

சிறுவர்: 10 முதல் 14 வயது வரை

இந்த வயதில் பழக்கம் பெரும்பாலும் ஆர்வத்தினாலும் தோழர்களைப் பார்த்தும் தொடங்குகிறது. புகையிலை, பாக்குக் கலவைகள், பசை முகர்தல், கைத்தொலைபேசி விளையாட்டு என்பன முதற்படிகள். பாக்கைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். புகையிலை சேராத வெறும் பாக்கே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் வகைப்படுத்தியிருக்கிறது. நம் நாட்டு ஆண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோயே.

சிறுவனைத் தனியாக உட்கார வைத்துப் பேசுவதில் பாதி வேலைதான் முடியும். மீதிப் பாதி பெற்றோருடன் பேசுவது. வாப்பா வெளிநாட்டில் உழைக்கிறாரா, வீட்டில் சண்டை சச்சரவு உண்டா, வகுப்பில் பின்தங்கி அவமானப்படுகிறானா என்று பார்க்க வேண்டும். அடிப்பதும் பாடசாலையை விட்டு நிறுத்துவதும் அவனை அந்தக் கூட்டத்திடமே ஒப்படைப்பதாகும்.

இளைஞர்: 15 முதல் 25 வயது வரை

விளைவை எடைபோட்டு ஆசையை அடக்கும் மூளையின் முன்பகுதி ஏறத்தாழ 25 வயது வரை வளர்ந்துகொண்டே இருக்கிறது. இன்பத்தைத் தேடும் பகுதியோ முன்கூட்டியே வேகம் பெற்றுவிடுகிறது. இளமையில் தொடங்கும் பழக்கம் ஆழமாக வேரூன்றுவதற்கு இது ஒரு காரணம். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் புகையிலை உற்பத்திகளையும் மதுவையும் விற்பதைத் தடை செய்திருப்பதன் நியாயமும் இதில் விளங்கும்.

இருபது வருடங்களின் பின் வரக்கூடிய புற்றுநோயைக் காட்டி இளைஞனைப் பயமுறுத்துவது அவ்வளவாகப் பலிக்காது. இன்று அவன் இழப்பதைப் பற்றிப் பேச வேண்டும்: பணம், விளையாட்டுத் திறமை, உம்மாவின் நம்பிக்கை, தன் மீதே கொண்டிருந்த மதிப்பு. சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறுக்காகக் காத்திருக்கும் மாதங்கள் வெறுமையானவை. அந்தக் காலத்தில் ஒரு தொழிற்பயிற்சியோ விளையாட்டுக் கழகமோ பத்துப் பிரசங்கங்களை விடப் பயன் தரும்.

நடுத்தர வயதினர்

இவர்களிடம் பழக்கம் வேலையோடும் கடனோடும் பின்னிக் கிடக்கிறது. தூக்கம் வராமலிருக்க ஐஸ் பாவிக்கத் தொடங்கும் சாரதி, உடல் வலிக்காக மாத்திரை போடத் தொடங்கும் தொழிலாளி, கடனை அடைக்கலாம் என்று இணையச் சூதாட்டத்தில் இறங்கும் வியாபாரி ஆகியோருக்கு வேலை நேரமும் கடன் தீர்க்கும் திட்டமும் உளவளத்துணையின் ஒரு பகுதியாக வேண்டும்.

"கலியாணம் முடித்து வைத்தால் திருந்திவிடுவான்" என்ற எண்ணத்தை நமது சமூகம் கைவிட்டாக வேண்டும். திருமணம் சிகிச்சையன்று. மணமகளிடம் மறைத்துச் செய்து வைக்கும் திருமணம் ஒரு நோயாளியோடு இன்னொரு பெண்ணையும் அவள் பிள்ளைகளையும் சேர்த்துத் துன்பத்தில் தள்ளும் அநீதி. பழக்கத்திற்கு ஆளானவரின் மனைவிக்கும் தனியாக உளவளத்துணை தேவை. கணவன் குடிப்பதற்குத் தான்தான் காரணம் என்று அவள் நம்ப வைக்கப்பட்டிருக்கிறாள். அவர் பட்ட கடனை அடைப்பதும், வேலைத் தலத்துக்குப் பொய்க் காரணம் சொல்வதும் அவரைக் காப்பாற்றுவது போலத் தோன்றினாலும் பழக்கத்தையே காப்பாற்றுகின்றன.

பெண்களின் பழக்கம் இன்னும் ஆழமாக மறைக்கப்படுகிறது. வைத்தியர் சில வாரங்களுக்கு எழுதிக் கொடுத்த தூக்க மாத்திரை வருடக்கணக்கில் தொடர்வதுண்டு. பேச ஒரு பெண் உளவளத்துணையாளர் இருப்பதே பல சகோதரிகளுக்கு வாசலைத் திறந்துவிடும்.

முதியோர்

"இந்த வயதில் இனி எதற்கு விட வேண்டும்?" என்று வீட்டாரே சொல்லிவிடுவார்கள். முதுமையில் உடலிலுள்ள நீரின் அளவு குறைவதால் அதே அளவு மது இரத்தத்தில் அதிகச் செறிவில் நிற்கிறது. தூக்க மாத்திரை தடுமாறி விழுவதற்கும் இடுப்பெலும்பு முறிவுக்கும் மறதிக்கும் இட்டுச் செல்லலாம். அந்த மறதியை வயதின் மீது பழி போட்டுவிட்டு நாம் மாத்திரையைத் தொடர்ந்து கொடுக்கிறோம். முதியவரிடம் மரியாதை குறையாமல், அவசரமின்றிப் பேச வேண்டும். துணையின் மரணம், ஓய்வு, பிள்ளைகளின் பிரிவு எதற்குப் பின் இது கூடியது என்று கேட்டால் வழி தெரியும்.

வீட்டில் பூட்டி வைத்து நிறுத்தலாமா?

கூடாது. நீண்டகாலம் கடுமையாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும், பொதுவாக இரண்டாம் நாள் முதல் நான்காம் நாளுக்குள் கடும் நடுக்கத்துடன் கூடிய மனக்குழப்பமும் உண்டாகி உயிர் போகவும் கூடும். பல மாதங்கள் பாவித்த தூக்க மாத்திரையும் அவ்வாறே. வைத்தியரின் கண்காணிப்பில் சிறுகச் சிறுகவே குறைக்க வேண்டும். ஹெரோயினை நிறுத்துபவருக்கு ஒரு வாரமளவில் கடும் உடல் வேதனை இருக்கும். ஐஸை நிறுத்துபவருக்கு ஆழ்ந்த மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் வரலாம். அவரைத் தனியே விடக் கூடாது.

ரமழான் இங்கு நல்லதொரு வாய்ப்பு. சஹர் முதல் இப்தார் வரை புகைக்காமல் இருப்பவர் தன்னால் முடியும் என்பதைத் தானே நிரூபிக்கிறார். இப்தாருக்குப் பிந்திய மணித்தியாலங்களுக்குத்தான் அவருக்குத் திட்டம் தேவை. ஆனால் மதுவுக்கு அடிமையானவர் ரமழானை முன்னிட்டு விட விரும்பினால், அதற்கு முன்னரே வைத்தியரைச் சந்திப்பது அவசியம்.

மீண்டும் விழுந்தால்?

சிகிச்சைக்குப் பின் மீண்டும் பாவிப்போர் 40 முதல் 60 சதவீதம் என்று அமெரிக்கத் தேசிய போதைப்பொருள் துஷ்பிரயோக நிறுவனம் கூறுகிறது. உயர் இரத்த அழுத்தம், ஆஸ்துமா நோயாளிகள் சிகிச்சையைக் கைவிட்டு மீண்டும் நோய்வாய்ப்படும் அளவும் ஏறத்தாழ இதுவே. ஆகவே ஒரு முறை விழுந்தவரை வீட்டை விட்டுத் துரத்துவதற்கு முன், எந்த இடத்தில், யாருடன், எந்த மனநிலையில் அது நடந்தது என்று அமைதியாகக் கேட்போம்.

இதில் உயிராபத்தும் உண்டு. சில மாதங்கள் ஹெரோயினை விட்டிருந்தவரின் உடல் பழைய அளவைத் தாங்காது. புனர்வாழ்வு நிலையத்திலிருந்தோ சிறையிலிருந்தோ வந்த முதல் வாரங்களில் பழைய அளவையே எடுத்து மரணிப்போர் உண்டு. அந்த வாரங்களில் அவர் தனிமைப்படுவதற்கும் இந்த ஆபத்திற்கும் தொடர்பு இருக்கிறது. பள்ளிவாசலில் ஸலாம் சொல்லிப் பக்கத்தில் இடம் கொடுப்பதும், ஒரு வேலை தேடிக் கொடுப்பதும் அவருடைய உயிரைக் காக்கும் காரியங்கள்.

எங்கே நாடலாம்?

தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையை 1927 என்ற இலக்கத்திலும், தேசிய மனநல நிறுவனத்தை 1926 என்ற இலக்கத்திலும் அழைத்து ஆலோசனை பெறலாம். அரச வைத்தியசாலைகளின் மனநலப் பிரிவுகளும், பிரதேச செயலகங்களில் பணியாற்றும் உளவளத்துணை உத்தியோகத்தர்களும் உதவுவார்கள். குடும்பங்கள் பல வேளைகளில் முதலில் தேடிப் போவது பள்ளி நிர்வாகத்தையும் மௌலவிமாரையும்தான். அவர்கள் இரகசியம் பேணி, அடிப்படைப் பயிற்சி பெற்று, உரிய இடத்திற்கு ஆற்றுப்படுத்தத் தெரிந்திருந்தால் பெரும் பணி செய்தவர்களாவர்.

உங்கள் வீட்டிலோ அயலிலோ இப்படி ஒருவர் இருந்தால் இன்று அவரிடம் "எப்போது விடப் போகிறாய்?" என்று கேட்க வேண்டாம். "இது உனக்கு எப்போது கஷ்டமாகிறது?" என்று கேட்டுவிட்டு, அவர் சொல்லி முடிக்கும் வரை பொறுமையாக இருங்கள். இன்ஷா அல்லாஹ், உதவியைத் தேடிச் செல்லும் முதல் அடியை அவர் எடுத்து வைக்க அது போதுமானதாக அமையலாம்.