பரஸ்பர விவாகரத்து: வக்கீலைப் பார்க்கும் முன்...

'ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிட்டோம், சண்டையே இல்லை. அப்புறம் வக்கீல் எதுக்கு?' என்று கேட்கிறீர்களா? பேசியதைச் சட்டப்படி எழுத்தில் கொண்டு வருவதில்தான் சிக்கலே!

இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவுப்படி, குறைந்தது 1 வருடம் பிரிந்து வாழும் தம்பதி சேர்ந்து மனு போடலாம். 6 மாதம் கழித்து, 18 மாதத்துக்குள் இருவரும் மீண்டும் சம்மதத்தை உறுதிசெய்ய வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் இந்த 6 மாதத்தைத் தளர்த்தலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால், அது நீதிபதியின் முடிவு. 'ஒரே மாசத்துல முடிச்சுத் தர்றேன்' என்று உத்தரவாதம் தருபவரிடம் உஷார்!

திருமணம் நடந்த ஊரிலோ, கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊரிலோ மனு போடலாம். அந்த ஊர் குடும்பநல கோர்ட்டில் வழக்கமாக ஆஜராகும் வக்கீலைப் பிடித்தால் அலைச்சல் குறையும். ஃபீஸ் மொத்தமாகவா, ஒவ்வொரு வாய்தாவுக்குமா என முதலிலேயே கேட்டு, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஜீவனாம்சம், குழந்தை யாரிடம், நகை, வீட்டுக்கடன்... எதையும் 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று விடாதீர்கள், மனுவிலேயே வரட்டும். இருவருக்கும் ஒரே வக்கீல் என்றால், கையெழுத்துக்கு முன் இன்னொரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள்.

கையில் காசு இல்லையா? மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச வக்கீல் கிடைப்பார்.

ஒன்று ஞாபகம் இருக்கட்டும்... தீர்ப்பு வரும்வரை சம்மதத்தைத் திரும்பப் பெற உங்களுக்கு உரிமை உண்டு. அவசரப்பட்டுக் கையெழுத்து போடாதீர்கள்!