தோட்டத்து மருத்துவமாது யாருக்குப் பொறுப்பு? ஊவாவில் மகப்பேற்றுப் பயிற்சி வந்த வழி

தேயிலையை ஏற்றிச் செல்வதற்காகத் தெமோதரையின் சுழல்பாதை வழியே நீண்ட ரயில் பாதை 1924இல் ஊவாவின் பதுளையை எட்டியது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1926இல், களுத்துறையில் நாட்டின் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியது. கிராமத்து வீடுகளுக்கே சென்று கர்ப்பிணிகளைப் பார்க்கும் மருத்துவமாது என்ற பதவி அங்கிருந்துதான் வேர்விட்டது. ரயில் தோட்டத்துக்குள் வந்தது. அந்த மருத்துவமாது வரவில்லை. தோட்ட மக்களின் நலம் நிர்வாகத்தின் பொறுப்பு என்று சட்டம் முன்பே ஒதுக்கிவைத்திருந்தது அதற்குக் காரணம். மலையகத்தில் பிரசவம் பார்ப்பவரின் பயிற்சி பற்றிய பேச்சு பெரும்பாலும் பாடத்திட்டத்தோடு நின்றுவிடுகிறது. கைத்திறன் எவ்வளவு முக்கியமோ, அவர் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்பதும் அவ்வளவு முக்கியம் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம், பிள்ளை பெற்ற தொழிலாளிக்கு ஒரு மாதம் உணவும் தங்குமிடமும் கொடுத்து, அந்த மாதம் வேலைக்கு அழைக்காதிருக்கும் கடமையைத் தோட்டத்துரையின் மேல் வைத்தது. அக்காலத்துக்கு அது பெரிய ஏற்பாடுதான். 1939இன் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் இன்னொரு வாசலைத் திறந்தது. தோட்டங்கள் நன்மை முழுவதையும் காசாகக் கொடுக்க வேண்டியதில்லை. ஒரு பகுதியைப் பிரசவ அறை, மருத்துவமாதின் சேவை போன்ற வசதிகளாகக் கொடுக்கலாம் என்றாயிற்று. இதனால் மருத்துவமாது தாய்க்கு உரிய கூலியின் ஒரு கூறாகவே தோட்டக் கணக்கில் ஏறினார். சில தோட்டங்கள் பயிற்சி பெற்றவரை அமர்த்தின. பலவற்றில் லயத்து (தொழிலாளர் வரிசை வீடுகளின்) மூத்த பெண்ணொருவரே பிள்ளை எடுத்தார். அவருக்குச் சான்றிதழ் கிடையாது. ஆனால் பேறு பார்த்த வீட்டுக்கு மறுநாளும் போவார், தாயின் மொழியில் பேசுவார். பயிற்சி வந்தபோது இந்த உறவைச் சேர்த்து எடுத்துக்கொள்ளாதது இழப்பே. அதற்காக அந்தக் காலத்தைப் பொற்காலமாக்கவும் முடியாது. 1930களில் நாடு முழுவதும் ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள்.

1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரின் பெரும்பகுதியை நாடற்றவராக்கியது. அரச சேவைக்குப் பிரஜாவுரிமை வேண்டும் என்பதால், அரசு மருத்துவமாதுகளை நாடெங்கும் பெருக்கிய அதே பத்தாண்டுகளில் லயத்துப் பெண்பிள்ளைகளால் அந்தப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கக்கூட முடியவில்லை. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது 1970களில். பிரஜாவுரிமைச் சிக்கல் சட்டத்தளவில் தீர்ந்தது 2003இல். உயர்தரம் வரை படித்த பெண்கள் தோட்டங்களிலிருந்து கணிசமாக வரத் தொடங்கியது அண்மைக் காலத்திலேயே. தோட்டச் சுகாதாரத்தை அரசு படிப்படியாக ஏற்ற 1990களின் நடுப்பகுதிக்குப் பிறகு, அரசு மருத்துவமாதான குடும்பநல உத்தியோகத்தர் லயத்துக்கு வந்தார். அவர்களுள் பலருக்குத் தமிழ் தெரியவில்லை. கர்ப்பிணிப் பதிவேட்டில் எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்கும். தாய் சொல்ல வந்தது அதில் இராது.

தாய் மரணம் இன்று லட்சத்துக்கு முப்பதளவுக்குக் குறைந்துவிட்டதே, மருத்துவமாதின் பதினெட்டு மாதப் பயிற்சியே இதைச் சாதித்ததே என்று கேட்கலாம். இது இலேசான மறுப்பு அல்ல. நேரடியாகச் சேர்பவருக்குக் குறைந்தது மூன்றாண்டு வேண்டும் என்பது உலக மருத்துவமாதர் கூட்டமைப்பின் 2010ஆம் ஆண்டு நியமம். அதற்கு எட்டாத பயிற்சியோடு இலங்கை பெற்ற பேறு வியப்புக்குரியது. ஆனால் மரண எண்ணிக்கை பெண் பிழைத்தாளா என்பதைச் சொல்லும். அவளிடம் கேட்டுச் செய்தார்களா என்பதைச் சொல்லாது. நிரந்தரக் கருத்தடையைப் பாருங்கள். 1980களில் அதற்கு அரசு ஊக்கத்தொகை கொடுத்தது. பெண்களின் அறுவைச் சிகிச்சை விகிதம் நகரத்தையும் கிராமத்தையும் விடத் தோட்டத்துறையில் மிக உயர்ந்திருந்ததைத் தேசிய ஆய்வுகள் மீண்டும் மீண்டும் பதிந்தன. அத்தனையும் வற்புறுத்தல் என்பது மிகை. போதும் என்று தாமே கேட்டவர்களும் உண்டு. ஆனால் தொகையும் நிர்வாகத்தின் விருப்பமும் புரியாத மொழியும் ஒன்றுசேரும் இடத்தில், விளங்கிக் கொடுத்த சம்மதத்தை வெறும் கையொப்பத்திலிருந்து பிரித்தறிய மருத்துவமாதுக்குத் தனிப்பயிற்சி வேண்டும். அது கைத்திறனில் சேராது, ஆனால் தொழில்தகுதியில் சேரும்.

இப்போது பிரசவமெல்லாம் ஆஸ்பத்திரியில்தானே, லயத்தில் மருத்துவமாதுக்கு என்ன வேலை என்பது இன்னொரு கேள்வி. பிள்ளை பிறக்கும் சில மணி நேரமே ஆஸ்பத்திரிக்குரியது. இரத்தச்சோகையும் எடை குறைந்த குழந்தையும் உருவாவது அதற்கு முந்திய மாதங்களில், கொழுந்து மலையில். கிளினிக் நடக்கும் காலைநேரத்தில் போனால் அன்றைக்குப் பேர் (நாட்கூலி) விழாது, அல்லது அரைப்பேர்தான் என்பதை அறியாதவர், வராத தாயை அக்கறையற்றவள் என்று எழுதிவிடுவார். மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொள்ளலாமே என்ற யோசனையும் இங்கு உதவாது. பெரும்பாலும் கணவனோ மூத்த பிள்ளையோதான் மொழிபெயர்க்கிறார்கள். அவர்கள் முன் சொல்ல முடியாததையே அவள் சொல்ல விரும்புகிறாள். தோட்டப் பெண்களை மருத்துவமாது பயிற்சிக்கு மாவட்ட அடிப்படையில் கூடுதலாகச் சேர்த்தால் தரம் குறையும் என்று அஞ்சுவோரும் உண்டு. தமிழில் வரலாறு கேட்டறியும் திறனைத் தரத்தின் பட்டியலில் சேர்த்துவிட்டால் அந்த அச்சம் தலைகீழாகும். அப்போது அந்தத் திறன் இல்லாதவரே தரக்குறைவானவர்.

இன்றைய ஏற்பாட்டில் மாணவி சுமார் ஓராண்டு தாதியர் பாடசாலையிலும் ஆஸ்பத்திரியிலும், அதன்பின் ஆறு மாதம் களத்திலும் பயில்கிறார். அவுஸ்திரேலியாவில் மாணவ மருத்துவமாது ஒவ்வொருவரும் குறைந்தது பத்துப் பெண்களைக் கர்ப்பகாலம், பிரசவம், பிரசவத்துக்குப் பிந்திய வாரங்கள் வரை உடனிருந்து தொடர வேண்டும். ஊவாவில் இரண்டு தாய்மாரையாவது அப்படித் தொடர வைக்கலாம். ஆனால் எட்டாம் வாரத்தில் பதிவான கர்ப்பம் பேற்றுக்குப் பின் ஆறு வாரம் முடியும்வரை ஏறத்தாழ ஒன்பது மாதம் பிடிக்கும். களப்பயிற்சியின் ஆறு மாதத்துக்குள் அது அடங்காது. ஆகவே லயத்தில் மாணவி நடக்கத் தொடங்க வேண்டியது பயிற்சியின் முதலாண்டிலேயே. பதுளை ஆஸ்பத்திரியில் படிக்கும் மாணவிக்கு ஹாலிஎலவும் பசறையும் பஸ்ஸில் போய்வரும் தூரம்தான்.