பில் கேம்பல்

பில் கேம்பல் (ஆகஸ்ட் 31, 1940 – ஏப்ரல் 18, 2016) சிலிக்கான் பள்ளத்தாக்கின் நிறுவனத் தலைவர்கள் பலருக்கு வழிகாட்டிய அமெரிக்கத் தொழில் நிர்வாகி ஆவார். 1974 முதல் 1979 வரை கொலம்பியா பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் காற்பந்து அணியைப் பயிற்றுவித்தார். அவ்வணி வென்ற ஆட்டங்கள் 12, தோற்றவை 41. ஆடுகளத்தில் அவர் பெரிதாக வெல்லவில்லை என்றே கூற வேண்டும். பின்னர் இன்டூயிட் நிறுவனத்தின் முதன்மைச் செயல் அலுவலராகப் (1994–1998) பணியாற்றினார்.

2001இல் கூகுளின் தலைமைப் பொறுப்பை ஏற்ற எரிக் சுமிட்டிடம், பயிற்றுநர் ஒருவரை அமர்த்திக்கொள்ளுமாறு முதலீட்டாளர் ஜான் டோர் அறிவுறுத்தினார். அனுபவம் மிக்க தமக்கு அது எதற்கு எனச் சுமிட் முதலில் தயங்கினார். 2004இல் இயக்குநர் குழுத் தலைவர் பதவியை விட்டுத்தரும்படி கேட்கப்பட்டபோது, மனம் புண்பட்டு நிறுவனத்தை விட்டே விலக எண்ணினார். தன்மானம் தம் முடிவைத் திசைதிருப்புவதை அவர் உணருமாறு செய்து, செயல் அலுவலராக நீடிக்க வைத்தவர் கேம்பல். விட்டுத்தந்த பதவி 2007இல் சுமிட்டுக்குத் திரும்பக் கிடைத்தது. கேம்பலின் பயிற்றுமுறை குறித்து சுமிட் உள்ளிட்ட மூவர் எழுதிய நூல் 2019இல் வெளியானது.