துபாயில் பிரிட்டிஷ் பாடத்திட்டப் பள்ளிகள்: வரலாறும் பெற்றோரின் தேர்வும்

துபாயில் அரசுப் பள்ளிகள் முதன்மையாக அமீரகக் குடிமக்களுக்கானவை. பிழைப்புக்காக அங்கே சென்று குடியேறியவர்களின் பிள்ளைகள் பெரும்பாலும் கட்டணம் கட்டித்தான் படிக்கிறார்கள். அந்நகரின் தனியார் பள்ளி மாணவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் பிரிட்டிஷ் பாடத்திட்டத்தில் இருக்கிறார்கள். இந்தியப் பாடத்திட்டம் அதற்கு அடுத்த இடத்தில் வருகிறது. பிரிட்டிஷ் பாடத்திட்டப் பள்ளி என்ற ஒரே வகைக்குள் இன்று அடங்கும் நிறுவனங்கள் வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு மக்களுக்காக, வெவ்வேறு நோக்கங்களோடு தோன்றியவை. எந்தப் பள்ளி எந்த மரபில் வந்தது என்று தெரிந்துகொள்ளாமல் கட்டணத்தையும் கட்டடத்தையும் மட்டும் பார்த்து முடிவெடுப்பது ஆபத்தானது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தேர்வு முந்தியது, பள்ளி பிந்தியது

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் பள்ளி மாணவர்களுக்குத் தேர்வு நடத்துவதற்கென 1858இல் ஓர் அமைப்பை நிறுவியது. அடுத்த சில ஆண்டுகளிலேயே அத்தேர்வு கடல் தாண்டியது. 1860களில் திரினிடாட் தீவில் அதன் முதல் வெளிநாட்டு மையம் அமைந்தது. 1880இல் இலங்கைக்கு வந்தது. வினாத்தாள் கப்பலில் வரும், விடைத்தாள் கப்பலில் போகும், முடிவுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். யாழ்ப்பாணத்துக் கல்லூரிகளும் இத்தேர்வுகளுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்தன. அரசு உத்தியோகத்துக்கும் மேற்படிப்புக்கும் அந்தச் சான்றிதழ்தான் வாசல்.

இதே காலத்தில் குடியேற்ற நாடுகளில் வேலை பார்த்த ஆங்கிலேயரில் வசதி படைத்தவர்கள் தம் பிள்ளைகளை ஏழெட்டு வயதிலேயே இங்கிலாந்து விடுதிப் பள்ளிகளுக்கு அனுப்பிவந்தார்கள். ஆக, உள்ளூர்ப் பிள்ளைக்குப் பிரிட்டிஷ் தேர்வு. ஆங்கிலேயப் பிள்ளைக்கு இங்கிலாந்திலேயே பள்ளி. ஏறத்தாழ நூறாண்டு இந்த இரண்டு வழிகளும் தனித்தனியாகவே சென்றன. அவை ஒரே ஊரில் அருகருகே வந்து சேர்ந்த இடங்களுள் துபாய் குறிப்பிடத்தக்கது.

இரண்டு தொடக்கங்கள்

துபாய் இங்கிலீஷ் ஸ்பீக்கிங் ஸ்கூல் 1963இல் தொடங்கியது. அப்போது துபாய்க் கடலில் எண்ணெய் கண்டுபிடிக்கப்படவில்லை. அது நடந்தது 1966இல். வங்கி, வணிக நிறுவனம், கழிமுகத்தைத் தூர்வாரும் பணி ஆகியவற்றுக்காக வந்த ஒரு சிறு ஆங்கிலேயச் சமூகம் தன் குழந்தைகளுக்காக அமைத்துக்கொண்ட பள்ளி அது. ஆட்சியாளர் ஷேக் ராஷித்தின் ஆதரவு அதற்குக் கிடைத்தது. ஜுமேரா இங்கிலீஷ் ஸ்பீக்கிங் ஸ்கூல் 1975இல் பிறந்தது. மேல்நிலை வகுப்புகளுக்கான துபாய் காலேஜ் 1978இல்தான் வந்தது. இந்த வரிசையிலேயே ஒரு வரலாறு இருக்கிறது. தொடக்கப் பள்ளி முதலில் வந்ததற்குக் காரணம், பதினொரு வயதுக்குப் பிறகு பிள்ளை இங்கிலாந்துக்குப் போய்விடும் என்ற பழைய வழக்கம் நீடித்ததே. மேல்நிலைப் பள்ளி எழுந்தபோதுதான், குடும்பம் பிரியாமல் வளைகுடாவிலேயே பிள்ளை படித்து முடிக்கலாம் என்ற நிலை உறுதியானது. மேற்சொன்ன மூன்றும் லாப நோக்கின்றி நடப்பவை.

மற்றொரு தொடக்கம் 1968. கத்தோலிக்கத் திருச்சபையின் செயின்ட் மேரீஸ் பள்ளி அவ்வாண்டு துபாயில் திறக்கப்பட்டது. பிரிட்டிஷ் தேர்வுகளுக்குத் தயார் செய்த அப்பள்ளியில் தெற்காசியப் பிள்ளைகள் பெருந்தொகையினர். இது இலங்கையில் நாம் கண்ட பழைய தேர்வு மரபின் நேர்த் தொடர்ச்சி என்பது என் கருத்து. குறைந்த கட்டணம், நிறைந்த வகுப்பு, கண்டிப்பு, தேர்வு முடிவில் முழுக் கவனம் என்பவை இம்மரபின் அடையாளங்கள். வளைகுடாவில் பிரிட்டிஷ் கல்வி என்றாலே வெள்ளையர் குடியிருப்பின் கல்வி என்று எண்ணுவோர் இந்த ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்ட சாட்சியைக் காணத் தவறுகிறார்கள்.

அதே 1968இல், கேரளத்திலிருந்து 1959இல் துபாய் வந்திருந்த வர்க்கி தம்பதியர் அவர் ஓன் இங்கிலீஷ் ஹைஸ்கூலைத் தொடங்கினார்கள். அது இந்தியப் பாடத்திட்டப் பள்ளி. 1980இல் பொறுப்பேற்ற மகன் சன்னி வர்க்கி, பின்னர் பிரிட்டிஷ் பாடத்திட்டப் பள்ளிகளையும் வரிசையாகத் திறந்தார். 2000இல் உருவான அவருடைய ஜெம்ஸ் குழுமம் இன்று உலகின் பெரிய தனியார் பள்ளி நிறுவனங்களுள் ஒன்று. பள்ளி ஒரு தொழிலாக, வெவ்வேறு கட்டண நிலைகளில் விற்கப்படும் சேவையாக மாறியது இக்கட்டத்தில்தான்.

1988 என்னும் திருப்பம்

இங்கிலாந்தில் ஓ லெவல், ஏ லெவல் தேர்வுகள் 1951இல் வந்தன. ஓ லெவலுக்குப் பதிலாக வந்த ஜிசிஎஸ்இ முதன்முதலில் 1988இல் எழுதப்பட்டது. வெளிநாட்டு மாணவர்களுக்காகக் கேம்பிரிட்ஜ் ஐஜிசிஎஸ்இயை அறிமுகப்படுத்தியதும் அவ்வாண்டே. இங்கிலாந்துக்குத் தேசியப் பாடத்திட்டத்தை அளித்த கல்விச் சீர்திருத்தச் சட்டமும் 1988ஆம் ஆண்டினதே.

வெளிநாட்டுக் குடும்பங்களுக்கு இதனால் விளைந்த மாற்றம் பெரிது. அதுவரை ஒவ்வொரு பள்ளியிலும் தலைமை ஆசிரியரின் பழக்கமே பெருமளவு பாடத்திட்டமாக இருந்தது. அதன்பின் எந்த வயதில் எதைக் கற்க வேண்டும் என்பது ஏட்டில் வகுக்கப்பட்டது. மான்செஸ்டரில் ஐந்தாம் ஆண்டு படிக்கும் பிள்ளை துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ இடையில் மாறினாலும் படிப்பு அறுபடாமல் தொடர வழி பிறந்தது. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கொருமுறை நாடு மாறும் குடும்பங்கள் இப்பாடத்திட்டத்தை நாடுவதற்கு முதற் காரணம் இதுதான். ஆனால் இங்கிலாந்தும் அங்கேயே நின்றுவிடவில்லை. 2017 முதல் அங்கே ஜிசிஎஸ்இ மதிப்பெண்கள் 9 முதல் 1 வரை என மாறின. இங்கிலாந்துப் பள்ளித் தரப்பட்டியல்களில் ஐஜிசிஎஸ்இ கணக்கில் எடுக்கப்படுவதில்லை. தாய்நாட்டுத் தேர்வும் ஏற்றுமதித் தேர்வும் மறுபடி விலகிவிட்டன.

புகழ்பெற்ற பெயர்களின் வருகை

இங்கிலாந்தின் புகழ்பெற்ற தனியார் பள்ளிகளும் வெளிநாடுகளுக்குக் கிளம்பின. தாய்லாந்தின் புகெட்டில் டல்விச் 1996இலும் பாங்காக்கில் ஹாரோ 1998இலும் கிளை பரப்பின. 2007இல் ரெப்டன் துபாய்க்கு வந்தது. 2011இல் பிரைட்டன் காலேஜும் 2014இல் கிரான்லியும் அபுதாபிக்கு வந்தன. இத்தகைய பள்ளிகளில் தாய்ப்பள்ளி பெயரையும் மேற்பார்வையையும் தருகிறது. முதலீடும் அன்றாட நிர்வாகமும் பெரும்பாலும் வேறொரு நிறுவனத்தின் கையில் இருக்கும். பெயர் ஆங்கிலேயருடையதாக இருப்பதால் பாடத்திட்டமும் பிரிட்டிஷ்தான் என்று சொல்ல முடியாது. துபாயிலுள்ள நார்த் லண்டன் கலீஜியட் பள்ளி 2017இல் திறக்கப்பட்டது. அது நடத்துவது சர்வதேச பாக்கலாரியட் எனப்படும் ஐபி பாடத்திட்டம்.

கண்காணிப்பின் காலம்

தனியார் பள்ளிகள் பெருகியபின், அவற்றை மேற்பார்வையிட துபாய் அரசு 2006இல் கேஎச்டிஏ என்ற ஆணையத்தை அமைத்தது. 2008–09 கல்வியாண்டில் ஆய்வாளர்கள் பள்ளிகளுக்குள் நுழைந்தார்கள். ஆய்வறிக்கைகள் எல்லோரும் படிக்கும்படி வெளியிடப்பட்டன. முதலில் நான்காக இருந்த தரநிலைகள் 2015–16இல் அமீரகம் முழுமைக்கும் பொதுவான ஆறு நிலைகளாயின. கட்டண உயர்வை ஆய்வுத் தரத்தோடு பிணைக்கும் விதிமுறையும் வந்தது. பிரிட்டிஷ் அரசும் தன் பங்குக்கு, வெளிநாட்டிலுள்ள பிரிட்டிஷ் பள்ளிகளை ஆய்ந்து அங்கீகரிக்கும் திட்டத்தை 2010இல் தொடங்கியது.

பள்ளிகளின் விளம்பரங்கள் எல்லாவற்றையும்விட கேஎச்டிஏ அறிக்கைகள் பெற்றோருக்குப் பயன்பட்டிருக்கின்றன. ஆனால் பலர் முகப்பிலுள்ள ஒற்றைச் சொல் தரநிலையோடு நின்றுவிடுகிறார்கள். உள்ளே ஒவ்வொரு பாடத்துக்கும் இரண்டு அளவுகள் உண்டு. ஒன்று மாணவர் எட்டிய நிலை. மற்றொன்று அவர் அடைந்த முன்னேற்றம். நுழைவுத் தேர்வு வைத்துக் கெட்டிக்காரப் பிள்ளைகளையே சேர்க்கும் பள்ளியில் முதல் அளவு இயல்பாகவே உயர்ந்திருக்கும். சேர்ந்தபோது இருந்த இடத்திலிருந்து பிள்ளையை எவ்வளவு தூரம் கொண்டுபோனார்கள் என்பதை இரண்டாவதுதான் காட்டும். நடுத்தரக் கட்டணப் பள்ளிகளின் உண்மையான உழைப்பு தெரிவது அங்கேதான். ஓராண்டில் எத்தனை விழுக்காடு ஆசிரியர்கள் விலகினார்கள் என்ற விவரமும் பல அறிக்கைகளில் இருக்கிறது. ஒப்பந்தத்தில் வந்து போகும் ஆசிரியர்களை நம்பியிருக்கும் ஊரில், அந்த எண்ணைப் பார்க்காமல் பள்ளியைத் தேர்வது சரியல்ல.

தமிழ்க் குடும்பம் கணக்கிட வேண்டியவை

சிபிஎஸ்இ பள்ளிகள் அமீரகத்தில் ஏப்ரலில் ஆண்டைத் தொடங்குகின்றன. பிரிட்டிஷ் பள்ளிகள் ஆகஸ்ட் இறுதியிலோ செப்டம்பரிலோ தொடங்குகின்றன. நம் பத்தாம் வகுப்புக்கு இணையானது பதினோராம் ஆண்டு; பன்னிரண்டாம் வகுப்புக்கு இணையானது பதின்மூன்றாம் ஆண்டு. தொடக்க வகுப்புகளில் மாறுவது எளிது. ஐஜிசிஎஸ்இ பாடங்கள் தொடங்கியபின் மாறும் பிள்ளைதான் திண்டாடும்.

ஏ லெவலில் பெரும்பாலோர் மூன்று பாடங்களை ஆழமாகப் படிக்கிறார்கள். பிரிட்டனில் சேர அது போதும். இந்தியாவில் சேர எண்ணுபவர் பாடத் தேர்வின்போதே முன்யோசனையோடு நடக்க வேண்டும். மருத்துவப் படிப்புக்கான நீட் தேர்வு எழுதுபவருக்கு இயற்பியல், வேதியியல், உயிரியலோடு ஆங்கிலமும் வேண்டும். பல்கலைக்கழகங்கள் இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் வகுத்துள்ள இணைத்தன்மை விதிகளைப் பார்க்கும். இன்னொரு தவறான நம்பிக்கையும் பரவியிருக்கிறது: பிரிட்டிஷ் பாடத்திட்டத்தில் படித்தால் பிரிட்டன் பல்கலைக்கழகத்தில் உள்நாட்டு மாணவர் கட்டணம் கிடைக்கும் என்பது அது. அக்கட்டணம் பொதுவாக மூன்றாண்டு அங்கே குடியிருந்ததைப் பொறுத்தது. பாடத்திட்டத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. தமிழைப் பொறுத்தவரை, பெரும்பாலான பிரிட்டிஷ் பள்ளிகளின் கால அட்டவணையில் அதற்கு இடமில்லை. அந்தப் பொறுப்பு வீட்டின் மேல் விழுகிறது.

பள்ளிக்குச் செல்லும் பெற்றோர் மூன்று கேள்விகளையாவது கேட்டாக வேண்டும். உரிமையாளர் யார், லாபம் யாருக்கு? அண்மை ஆய்வறிக்கை முன்னேற்றத்தைப் பற்றி என்ன சொல்கிறது? கடைசித் தேர்வில் மொத்தம் எத்தனை பேர் எழுதி எத்தனை பேர் என்ன நிலை பெற்றார்கள்? மூன்றாவது கேள்விக்கு எழுதியவர்களின் எண்ணிக்கையைச் சொல்லாமல் விழுக்காட்டை மட்டும் நீட்டும் பள்ளியை, அதன் பெயர் எவ்வளவு பழையதானாலும், பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள்.